சுமைதாங்கிக் கல்: கரிசல் நிலத்தின் நினைவுக் கட்டடக்கலை – ஒரு திறனாய்வு

சுமைதாங்கிக் கல் என்பது பாதையோரத்தில் நட்டு நிறுத்திய இரண்டு கற்களும், அவற்றின்மேல் கிடையாக ஏற்றிய ஒரு கல்லும் கொண்ட எளிய கட்டுமானம். தலைச்சுமையோடு நடந்து வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறவும், மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளவும் இது பயன்பட்டது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இக்கல்லை நிறுத்தும் வழக்கம் தமிழகத்திலும் இலங்கைத் தமிழர் பகுதிகளிலும் இருந்தது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவள் அவள். வழிப்போக்கர் ஒருவர் தம் சுமையை இந்தக் கல்லில் இறக்கும்போதெல்லாம் அவள் சுமையும் சற்று இறங்குகிறது என்பது நம்பிக்கை.

இக்கல்லைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் எழுதுகிறார்கள். கல்லில் எழுத்து இருந்தால் அது தொல்லியல் செய்தியாகிறது. எழுத்து இல்லையென்றால் நாட்டார் நம்பிக்கைகள் என்ற பட்டியலில் ஒரு வரியாகிறது. இரண்டிலும் கல் நிற்கும் இடம், அதன் உயரம், அது எந்தப் பொருளால் ஆனது, எதற்கு அருகில் நிற்கிறது ஆகியவை விடுபட்டுப் போகின்றன. நிலத்தோற்றக் கட்டடக்கலை என்று இன்று பல்கலைக்கழகங்களில் ஒரு துறை இருக்கிறது. பூங்கா, நினைவிடம், நீர்நிலை, நடைபாதை ஆகியவற்றை மனிதர் கூடிப் பழகும் வகையில் அமைப்பது அதன் வேலை. அந்தத் துறையின் கண்கொண்டு சுமைதாங்கியைப் பார்ப்பதும், அந்தப் பார்வையோடு இன்றைய சிவகாசிப் பட்டாசு நிலத்தைப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லும் உயரமும்

விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல். மழைக்காலத்தில் காலைப் பிடித்து இழுக்கும் மண். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண். ஆண்டுதோறும் விரிந்து சுருங்கும் இந்த மண்ணில் எதையும் நேராக நிறுத்துவது எளிதன்று. சமவெளியில் ஆங்காங்கே தலைதூக்கி நிற்கும் பொத்தைகளில் கருங்கல் உண்டு. கல்லில் வரிசையாகக் குழி எடுத்து, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் மாறி மாறித் தட்டினால் அந்த வரிசையிலேயே கல் பிளக்கும். பிளந்த கல்லின் விளிம்பில் அந்தக் குழிகளின் பாதித் தடம் பல்வரிசைபோல் தெரியும். பல சுமைதாங்கிகளில் அதற்குமேல் கல்தச்சர் வேலை எதுவும் இராது. மெருகு இல்லை, சாந்தும் இல்லை. மேல்கல் தன் எடையாலேயே நிற்கிறது. சிலவற்றில் தூணின் தலையில் ஒரு முளையும் மேல்கல்லின் அடியில் அதற்கேற்ற குழியும் வைத்திருப்பார்கள். தூண் கற்களை ஆழமாக நடவேண்டும். ஆழம் போதாதவை கரிசல் அசையும்போது சாய்ந்துவிடும். இன்று பல கற்கள் சாய்ந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயரம்தான் இதன் உயிர். ஏறத்தாழ நான்கடியிலிருந்து ஐந்தடி. தலைச்சுமை சுமப்பவர் முழங்காலைச் சற்றே மடித்தால் சுமை கல்லின்மேல் நழுவி உட்கார வேண்டும். பிறகு அதன் கீழ் தலையைக் கொடுத்து, சும்மாட்டைச் சரிசெய்து, நிமிர்ந்தால் சுமை மறுபடி தலைக்கு வரவேண்டும். இதைவிடத் தாழ்ந்தால் கல்லால் பயனில்லை. உயர்ந்தால் கழுத்து முறியும். மனித உடலை அளவுகோலாக வைத்த கட்டடம் என்று கட்டடக்கலை நூல்கள் பெரிய பெரிய மாளிகைகளைக் காட்டும். எனக்கு இந்த மூன்று கற்கள்தாம் நினைவுக்கு வரும்.

இதை நான் நூலிலிருந்து அறியவில்லை. சிறுவயதில் என் தாயார் பருத்திமார்க் கட்டைச் சுமந்து வரும்போது பின்னால் நடந்தவன் நான். அடுப்பெரிக்கக் காய்ந்த பருத்திச் செடிகளைக் கட்டாகக் கட்டிக் கொண்டு வருவார்கள். காட்டில் கட்டைத் தூக்கிவிட யாராவது இருப்பார்கள். பாதி வழியில் இறக்கினால் மறுபடி ஏற்ற ஆள் வேண்டும். "ஏ தம்பி, கொஞ்சம் தூக்கி விடு" என்று வழியில் போகிறவரைக் கேட்கவேண்டும். யாரும் வராவிட்டால் காத்திருக்க வேண்டும். எட்டு வயதுப் பையன் எவ்வளவு எக்கினாலும் அந்த உயரம் எட்டாது. அதனால் எவ்வளவு கழுத்து வலித்தாலும் அம்மா சுமைதாங்கி வரும்வரை இறக்கமாட்டார். அந்தக் கல் இருந்த இடம் எங்களுக்குப் பாதி வழி என்று பொருள்.

குறியீடு எங்கே முடிகிறது

நினைவுச் சின்னம் என்றால் நாம் நின்று பார்ப்பது, மாலை போடுவது, வணங்குவது என்று பழகியிருக்கிறோம். நடுகல்லும் அப்படித்தான், வீரனின் உருவம் அதில் இருக்கும், பார்ப்பவர் வணங்குவார். சுமைதாங்கியில் பெரும்பாலும் உருவம் இல்லை. சிலவற்றில் நிறுத்தியவர் பெயரும் ஆண்டும் இருக்கலாம். மற்றபடி அது வெறும் கல். அதன் குறியீடு கல்லில் இல்லை. சுமை இறங்கும் அந்தக் கணத்தில் இருக்கிறது. யாரோ ஒருவர், இறந்தவளை அறியாதவர், அவளை நினைக்கவேண்டும் என்ற எண்ணமே இல்லாதவர், தம் களைப்பின் காரணமாக வந்து அந்தச் சடங்கை நிறைவேற்றிவிட்டுப் போகிறார். அவர் பூ வைக்க வேண்டியதில்லை. நின்று தலைகுனிய வேண்டியதுமில்லை. அவருடைய பெருமூச்சே போதும்.

குறியீட்டுக் கலையில் இது அரிதான ஏற்பாடு என்பது என் கருத்து. பொதுவாகக் குறியீட்டைப் புரிந்துகொள்பவருக்குத்தான் அது வேலை செய்யும். தெரியாதவருக்கு விளக்கப் பலகை வேண்டும். இங்கே தெரியாதவரிடமும் அது வேலை செய்கிறது. ஒரு குடும்பத்தின் துக்கம், முன்பின் அறியாத ஒருவரின் உடம்புக்கு உதவியாக மாறுகிறது. அந்த உடம்பின் ஆறுதல் குடும்பத்துக்குத் திரும்பி வருகிறது. கல்லின் வழியே இருவருக்குள்ளும் ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. இருவரும் சந்தித்துக்கொள்வதே இல்லை.

ஆனால் இதை 'மனிதர்களை இணைக்கும் கல்' என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. யோசித்துப் பார்த்தால் சுமைதாங்கி இன்னொரு மனிதரின் தேவையை நீக்குகிறது. தூக்கிவிட ஆள் இல்லாத இடத்தில் ஆளாக நிற்கிறது. வழியில் போகிறவரிடம் கெஞ்ச வேண்டாம். அவர் எந்தத் தெருக்காரர், தொட்டுத் தூக்குவாரா மாட்டாரா என்று அஞ்சவும் வேண்டாம். தனியாக வரும் பெண்ணுக்கு இது சிறிய விஷயம் அன்று. கல் தரும் உறவு, கூட்டத்தின் உறவு இல்லை. இன்னொருவர் இல்லாதபோதும் அவர் கையை முன்கூட்டியே அங்கு வைத்துவிட்டுப் போன உறவு. கூட்டம் அதன்பின் தானாகச் சேரும். ஒரே இடத்தில் இளைப்பாறுகிறவர்கள் பேசாமல் இருப்பார்களா?

பாதையும் அதன் துணைகளும்

சுமைதாங்கி பெரும்பாலும் தனியாக நிற்பதில்லை. அருகில் ஒரு மரமோ கிணறோ ஊருணியோ இருக்கும். மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக் கல் நட்டிருப்பார்கள். சற்றுத் தள்ளி மடமோ சத்திரமோ இருக்கும். கோடையில் தண்ணீர்ப்பந்தல் போடுவார்கள். மனிதரின் தாகம், மாட்டின் அரிப்பு, தலையின் பாரம், இரவுத் தங்கல் எல்லாவற்றையும் எண்ணி ஒரு பாதையை அமைத்திருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் பெயரால் இன்றும் மங்கம்மாள் சாலை என்று பல ஊர்களில் சொல்கிறார்கள். மரமும் சத்திரமும் சாலையோடு சேர்ந்தவை என்ற எண்ணம் அந்தப் பெயரில் நிலைத்திருக்கிறது.

யாழ்ப்பாணத்திலும் இந்தத் தொகுப்பு உண்டு. பருத்தித்துறையில் தெருமூடிமடம் என்று ஒன்று இருக்கிறது. பெயருக்கேற்பத் தெருவின்மேலேயே கூரை போட்டு, இருபுறமும் திண்ணை வைத்துக் கட்டிய மடம். நடப்பவர் மடத்தைத் தேடிப் போக வேண்டாம்; தெருவே மடத்துக்குள் புகுந்து வெளிவருகிறது. அங்கே கிடைப்பது சுண்ணாம்புக் கல். ஆகவே கல்லைச் செதுக்கியும் சுண்ணச் சாந்து வைத்தும் கட்டுகிறார்கள். சுமைதாங்கியையும் சுவர்போல் கட்டி எழுப்புவதுண்டு. நோக்கம் ஒன்று, நிலம் கொடுக்கும் பொருள் வேறு, அதனால் வடிவமும் வேறு. கேரளத்தில் இதையே அத்தாணி என்பார்கள். அந்தப் பெயரிலேயே அங்கு ஊர்கள் உண்டு. நம் பக்கத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வாலாஜாவுக்கு முன்பாகச் சுமைதாங்கி என்றே ஓர் ஊர் இருக்கிறது. வகுப்பில் சுமைதாங்கி என்றால் என்ன என்று கேட்டபோது, பழைய திரைப்படத்தின் பெயர் என்று சொன்ன மாணவர்களும் உண்டு. படம் 1962இல் வந்தது. அவர்கள் பிறப்பதற்கு எவ்வளவோ முன்பு வந்த படம் தெரிகிறது, ஊர் எல்லையில் கிடக்கும் கல் தெரியவில்லை.

இந்தப் பழைய பாதையைப் பொற்காலமாக எழுதும் கட்டுரைகள் இணையத்தில் நிறைய வருகின்றன. கல்லுக்குச் சாதி தெரியாது என்று எழுதிவிடுவது எளிது. கல்லுக்குத் தெரியாதுதான், பக்கத்துக் கிணற்றுக்குத் தெரிந்திருந்தது. எந்தக் கிணற்றில் யார் வாளி போடலாம், எந்தச் சத்திரத்தில் யார் படுக்கலாம் என்ற கட்டுப்பாடுகள் இருந்த காலம் அது. 19ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் பேட்டைகளை அமைத்தார்கள். பேட்டை என்பது வண்டி மாடுகளும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்கும் மதில் சூழ்ந்த இடம். சரக்கின்மேல் மகமை என்ற பொதுப்பணம் பிரித்து அதைக் காத்தார்கள். பின்னாளில் அந்த மகமையிலிருந்துதான் பள்ளிகளும் வந்தன. மதில் ஏன் தேவைப்பட்டது? வழிப்பறி ஒரு காரணம். பொதுவழியிலும் கோயிலிலும் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது இன்னொரு காரணம். 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரம் அந்தக் கதையின் உச்சம். பேட்டை தன் மக்களை நெருக்கமாகச் சேர்த்தது. மற்றவர்களை வெளியே நிறுத்தியது. இந்த நிலவமைப்புக் கூறுகளில் மதிலும் கதவும் இல்லாதது சுமைதாங்கி ஒன்றுதான். அதில் தண்ணீர் இல்லை, சோறு இல்லை, படுக்கை இல்லை. அதனால்தான் அதற்குக் காவல் போட யாருக்கும் தோன்றவில்லை என்றும் சொல்லலாம். இந்தக் காரணத்தை மறைத்துவிட்டு அதன் பெருந்தன்மையை மட்டும் புகழ்வது பாதி உண்மை.

இன்னொரு கசப்பும் உண்டு. ஒரு வட்டாரத்தின் பாதைகளில் எத்தனை சுமைதாங்கிகள் நின்றன என்பதை அந்த வட்டாரத்தின் அறச்சிந்தனைக்கு அளவாகக் காட்டுகிறோம். அத்தனை பெண்கள் பிள்ளைப்பேற்றில் இறந்தார்கள் என்பதற்கும் அதுவே அளவு.

லண்டனிலும் வாஷிங்டனிலும்

சுமையை இறக்கும் மேடையும் இறந்தவருக்கான நினைவிடமும் உலகில் பிற இடங்களிலும் உண்டு. ஆனால் தனித்தனியாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்தால் நம் கல்லின் தனித்தன்மை தெளிவாகும்.

லண்டன் பிக்காடில்லி சாலையில், கிரீன் பார்க் ஓரமாக, இரண்டு இரும்புக் கால்களின்மேல் ஒரு கனத்த பலகை நிற்கிறது. 1861இல் ஸ்லேனி என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் யோசனைப்படி, சுமைகூலிகள் முதுகுச்சுமையை இறக்கி வைப்பதற்காக அமைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் அது காணாமல் போய், அதே வடிவில் புதிதாக ஒன்று வைத்தார்கள். நோக்கத்தில் அப்படியே நம் சுமைதாங்கி. ஆனால் அதில் இறந்தவர் யாரும் இல்லை. அது ஒரு நல்ல நகராட்சி வசதி. யோசனை சொன்னவரின் பெயர் பலகையில் இருக்கிறது.

வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச்சுவர் இதற்கு நேர்மாறு. மாயா லின் என்ற 21 வயது மாணவி 1981இல் போட்டியில் வென்ற வடிவமைப்பு, 1982இல் திறந்தார்கள். நிலத்தை வெட்டி இறக்கி, அந்தச் சரிவில் கறுப்புக் கல் சுவர் இரண்டு கோணமாகச் சந்திக்கின்றன. 58,000 பெயர்களுக்கு மேல், அகர வரிசையில் அல்லாமல் இறந்த நாள் வரிசையில் பொறித்திருக்கிறார்கள். ஒரே நாளில் சேர்ந்து இறந்தவர்கள் சுவரிலும் சேர்ந்தே இருக்கிறார்கள். கல்லின் மெருகில் பார்ப்பவர் முகம் பெயர்களின்மேல் தெரியும். வருகிறவர்கள் பெயரைத் தடவுகிறார்கள். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் போகிறார்கள். அந்தக் கல் நம் பக்கத்துப் பெங்களூருவிலிருந்து போனது. உள்ளூர்ப் பொருள் என்றால்தான் மனிதர் நெருங்குவார்கள் என்ற வாதத்துக்கு இது ஓர் எதிர்ச்சான்று. நெருக்கத்தை உண்டாக்குவது கல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, கை எங்கே படுகிறது என்பதுதான்.

அப்படியானால் உள்ளூர்ப் பொருளால் என்ன பயன்? பராமரிப்பு. கரிசல் காட்டுச் சுமைதாங்கி சாய்ந்தால் அதே ஊரில் அதை நிமிர்த்தத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பளபளப்பான கிரானைட் பலகை ஒட்டிய நினைவு மண்டபத்தில் ஒரு பலகை பெயர்ந்து விழுந்தால் ஊரார் ஒன்றும் செய்யமுடியாது. ஒப்பந்தக்காரர் வரவேண்டும், அதற்கு நிதி வரவேண்டும். ஒரு பொருளை ஊரார் பழுதுபார்க்க முடியும் வரைதான் அது ஊராருடையது.

பட்டாசு நிலம்

1923ஆம் ஆண்டை ஒட்டி, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததிலிருந்து சிவகாசியின் இன்றைய கதை தொடங்குகிறது. வானம் பார்த்த பூமியில், மழை குறைவு என்பதே முதலாக மாறிய தொழில்கள் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும். இன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பயணம் செய்பவர் வயல் நடுவே சிறு சிறு அறைகள் தள்ளித் தள்ளி நிற்பதைக் காணலாம். ஓர் அறையில் நெருப்புப் பிடித்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது என்பதற்காக விட்ட இடைவெளி அது. ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. பல அறைகளில் அது நான்கு. கூட்டம் சேர்ந்தால் சாவு கூடும்.

மனிதர் கூடுவதற்காக நிலத்தை அமைப்பதைப் பற்றி இதுவரை பேசினோம். இங்கே நிலத்தை அமைத்திருப்பது மனிதர் கூடாமல் இருப்பதற்காக. அதுவே அறம். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் கண்டுபிடிக்கும் விதிமீறல்களில் செய்தித்தாள்கள் அடிக்கடி எழுதும் ஒன்று, மரத்தடியில் வைத்துப் பட்டாசு செய்தது. தமிழ்ப் பண்பாட்டில் மரத்தடி என்றால் ஊர்க்கூட்டம், திண்ணைப் பேச்சு, தொட்டில், பள்ளிக்கூடம். பட்டாசு நிலத்தில் மரத்தடி ஒரு குற்றம், அது சரியும்கூட. தகரக் கூரையின் வெக்கை தாங்காமல் நிழலுக்கு வந்தவர்களும், அளவுக்கு மீறி வேலை ஏற்றவர்களின் நெருக்கடியால் நிழலுக்குத் தள்ளப்பட்டவர்களும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் வேலை பார்த்த பள்ளியில், பகலில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். யாருடைய அம்மா எந்த ஆலைக்குப் போகிறார் என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம். சத்தம் எந்தத் திசையில் போகிறது என்று காது கொடுப்பார்கள். திசை மாறினால் சிலர் மூச்சு விடுவார்கள். சிலர் எழுந்து நின்றுவிடுவார்கள்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். ஆசிரியர் நாள் என்பதால் எனக்கு அந்தத் தேதி மறப்பதில்லை. இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு, உதவவும் பார்க்கவும் சுற்று ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள் என்று அப்போதைய செய்திகள் கூறின. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். இவை பெரியவை. ஒருவர், இருவர் என்று இறப்பவை ஆண்டுதோறும் வருகின்றன. அவை செய்தித்தாளின் உள்பக்கத்தோடு முடிந்துவிடுகின்றன.

முதலிப்பட்டியை நான் திரும்பத் திரும்ப நினைப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே ஓடிவந்தவர்களின் கால்களை நகர்த்தியது, ஒரு கை கொடுக்கவேண்டும் என்ற பழைய வழக்கம். நிலமோ ஒருவரை ஒருவர் நெருங்காதே என்று சொல்லும் நிலம். இரண்டு விதிகள் மோதிய இடம் அது.

பிளக்ஸும் நிழற்குடையும்

விபத்து நடந்த மறுநாள் ஊர் முகப்பில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வரும். சிவகாசி அச்சுத்தொழிலின் ஊர்; தாளும் மையும் இங்கே உள்ளூர்ப் பொருள். ஒருவகையில் பிளக்ஸ் இந்த வட்டாரத்தின் இயல்பான நினைவுச்சின்னம் என்றே சொல்லவேண்டும். ஒரே இரவில் தயாராகிறது, விலை குறைவு, ஏழைக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகிறது, இறந்தவர் முகம் அதில் பெரிதாக இருக்கிறது. கல்லில் பெயர்கூட இல்லாத அந்தக் காலத்துப் பெண்ணை எண்ணினால் இது ஒரு முன்னேற்றம். முகம் காட்டும் இந்த உரிமையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஆனால் இரண்டு மாத வெயிலில் முகம் வெளுத்துவிடும். பிறகு அதே பிளக்ஸ் யார் வீட்டு ஆட்டுக்கொட்டகைக்கோ கூரையாகும். அதற்காவது பயன்படுகிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

சுமைதாங்கிக்கு இன்று வாரிசு யார் என்று கேட்டால் பயணியர் நிழற்குடையைத்தான் காட்டவேண்டும். பாதையோரம், களைத்தவர்கள், காத்திருப்பு, இறக்கி வைத்த பை எல்லாம் அங்கே உள்ளன. ஆனால் நம் நிழற்குடைகளைப் பாருங்கள். தகரமோ காங்கிரீட்டோ கூரை; ஸ்டீல் குழாய் இருக்கை. ஏப்ரல் மாதம் மதியம் இரண்டு மணிக்கு விருதுநகர் வெயிலில் அந்தக் குழாயில் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெண்கள் இருக்கையை விட்டுவிட்டுப் பக்கத்து வேப்பமரத்தடியில் நிற்பார்கள். கட்டடத்தின் நெற்றியில் எந்த உறுப்பினரின் எந்த ஆண்டு நிதி, மதிப்பீடு எவ்வளவு என்ற விவரம் மட்டும் தெளிவாக எழுதியிருக்கும். பெயர் எழுதும் ஆசை புதிதன்று. பழைய கல்லிலும் உபயம் செய்தவர் பெயர் உண்டு. வேறுபாடு என்னவென்றால், பழைய கல் முதலில் உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தது.

தலைச்சுமை போய்விட்டது. மினி லாரியும் ஆட்டோவும் வந்தபின் சுமைதாங்கியின் பயன் போனது. பயன் போனதும் குறியீடும் போனது. பயனில்லாமல் குறியீட்டை மட்டும் காப்பாற்றலாம் என்று சிலர் அந்தக் கற்களைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைக்கச் சொல்கிறார்கள். சாலை அகலப்படுத்தும்போது உடைபடுவதைவிட அது மேல்தான். ஆனால் அங்கே அது யாருடைய சுமையையும் இறக்காது. மேலே சொன்ன கணக்கின்படி பார்த்தால், அது நினைவுச் சின்னமாக இருப்பதும் அங்கேயே நின்றுபோகிறது.

ஒரு வடிவம்

பட்டாசு ஊர்களில் ஒரு நினைவிடம் அமைப்பதானால் எங்கே, எப்படி அமைக்கலாம்? ஆலைக்கு உள்ளே கூடாது. அது பிரிந்திருக்க வேண்டிய நிலம். ஊர் நடுவே சிலையும் வேண்டாம். எந்தச் சாதித் தெரு என்ற சண்டை வரும். தொழிலாளர்கள் அன்றாடம் கூடும் ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது; காலையில் ஆலை வேன் வந்து ஏற்றிக்கொள்ளும் இடம். பல ஊர்களைச் சேர்ந்தவர்களும் பல தெருக்காரர்களும் அங்கே கால்மணி நேரம் சேர்ந்து நிற்கிறார்கள். மாலையில் அங்கேதான் இறங்குகிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று பார்ப்பதும் அங்கேதான். பொத்தைக் கல்லில் உட்காரும் உயரத்தில் ஒரு நீண்ட இருக்கை, தூக்குவாளியும் பையும் வைக்க அதற்குமேல் ஒரு கல், ஒரு வேப்பமரம், ஒரு தண்ணீர்த் தொட்டி. இருக்கைக் கல்லின் முகப்பில், இறந்த நாள் வரிசையில், பெயர்கள். அதில் ஓடிவந்தவர்களின் பெயர்களும் இருக்கவேண்டும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. அதை நானே சொல்லிவிடுகிறேன். நினைவுக்கல் வைப்பது மலிவானது. பாதுகாப்பான அறை கட்டுவது, குத்தகைக்குக் குத்தகை விடுவதைத் தடுப்பது, மருந்தின் அளவைக் கண்காணிப்பது, இழப்பீட்டை இழுத்தடிக்காமல் தருவது ஆகியவைதாம் செலவு பிடிப்பவை. கல்லை வைத்துவிட்டு மற்றதை மறந்துவிட வாய்ப்புண்டு. சுமைதாங்கியின் வரலாறே இதற்குச் சான்று. எத்தனை நூற்றாண்டு சுமைதாங்கி நிறுத்தினாலும் பிள்ளைப்பேற்றில் பெண்கள் இறப்பது நிற்கவில்லை. நிறுத்தியவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்களும், ஆரம்ப சுகாதார நிலையங்களும், 108 வண்டியும். 2018–20 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 54. அதுவும் இன்னும் குறையவேண்டிய எண்தான். ஆகவே கல்லின்மேல் எழுதும் பெயர்களுக்குப் பக்கத்தில், அடுத்த பெயருக்கு இடம் விடாமல் கட்டவேண்டும் என்று ஒரு கட்டடக் கலைஞரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "சார், அது என் கையில் இல்லையே" என்றார்.

சென்ற ஆண்டு ஒரு கிராமத்து விலக்கில், காலை ஆறரை மணிக்கு, பேருந்துக்குக் காத்திருந்தேன். ஆலைக்குப் போகும் பெண்கள் சிலர் ஒரு நீண்ட கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். இருபுறமும் காங்கிரீட் கல் அடுக்கி, அதன்மேல் கிடத்திய கல். விளிம்பில் உளிக்குழிகள் வரிசையாகத் தெரிந்தன. கொஞ்சம் தள்ளி, முள்ளுக்குள், ஒரு தூண் கல் சாய்ந்து நின்றது, இன்னொன்றைக் காணவில்லை. "இது என்ன கல்லும்மா?" என்று கேட்டேன். "உக்காருற கல்லு சார். எங்க மாமியா காலத்துல இருந்து கெடக்கு" என்றார் ஒருவர். தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுத்தார்கள். சாணால் அளந்து பார்த்தேன், ஏறத்தாழ ஐந்தரை அடி இருந்தது. தூக்குவாளிகள் கல்லின் ஒரு முனையில் வரிசையாக இருந்தன. வேன் வந்ததும் எடுத்துக்கொண்டு போனார்கள்.